கொல்லைப்புறத்துச் சிங்கப்பூர்

பலராமன் தர வட்டத்தில் சேர்ந்தது நாட்டின் தரத்தை உயர்த்துவதற்காக அல்ல, பெண்டாட்டியை வீட்டுக்கு அழைத்து வருவதற்காக.

எறையாந்தாங்கலில் அவன் வீட்டுக் கொல்லைப்புறமும் கோமளா பிரஸ்ஸிங்ஸ் கம்பெனியின் கிழக்கு மதிலும் எதிரெதிரே இருந்தன. நடுவில் ஒரு வண்டிப்பாதையும் கொஞ்சம் புறம்போக்கும்தான். ஒரகடம் போகிற ரோட்டில் ஸ்கூட்டர் மட்கார்டு அடித்துத் தருகிற அந்தக் கம்பெனியில் அவனுக்குப் பிரஸ் ஷாப்பில் வேலை. மற்றவர்கள் விடியுமுன் எழுந்து கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவார்கள். இவன் சங்கு ஊதிய பிறகு செருப்பைத் தேடினால் போதும். மாப்பிள்ளைக்கு வீட்டு வாசலிலேயே வேலை என்று கேட்டுத்தான் மாமனார் பெண்ணே கொடுத்தார். வேலை வாசலில் இருந்தால் மற்றதும் கொல்லைக்கு வரும் என்பதை அவரும் யோசிக்கவில்லை.

கேன்டீனில் எவர்சில்வர் தட்டு கழுவுகிற செலவை மிச்சம் பிடித்ததற்காக ஓர் அதிகாரி கேடயம் வாங்கியிருந்தார். அன்று முதல் அறுநூறு பேரும் வாழை இலையில் சாப்பிட்டார்கள். மூன்று ஷிப்டு எச்சில் இலையையும், ஊறிப்போன சோற்றையும், முருங்கைக்காய்ச் சக்கையையும் டிராக்டரில் ஏற்றி, மாரி என்கிற டிரைவர் கொல்லையை ஒட்டிய அந்தப் புறம்போக்கில் கொட்டிவிட்டுப் போவான். ஈயும் பெருச்சாளியும் குடிவந்தன. மழை பெய்தால் பலராமன் வீட்டில் ரசம் வைத்தாலும் பழைய சாம்பார் வாசனைதான் வந்தது.

தலைப் பிரசவத்துக்கு வாலாஜாபாத்தில் தாய்வீடு போன செந்தாமரை, ஆண் குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகியும் திரும்பவில்லை. அழைத்து வரப் போனவனிடம் கதவருகிலேயே நின்று சொல்லிவிட்டாள்.

"புள்ள மூஞ்சில ஈ மொய்க்கிற வூட்டுக்கு நான் வர மாட்டேங்க. அந்தக் குப்பைய மொதல்ல எடுங்க. முடியலன்னா நீங்க இங்க வந்து இருங்க. எங்கப்பா வேணாம்னு சொல்ல மாட்டாரு."

மாமனார் வேண்டாம் என்று சொல்லமாட்டார்தான். ஆனால் காலையில் காப்பி தரும்போது டம்ளர் வைக்கிற சத்தத்தில் சொல்லிவிடுவார். வீட்டோடு மாப்பிள்ளையின் மரியாதை என்ன விலை என்று தெரிந்தவன் பலராமன். அன்றே திரும்பி வந்து, மறுநாள் கம்பெனியின் செக்யூரிட்டி ஆபீசரைப் பார்த்தான்.

"அங்க குப்பை கொட்டக் கூடாதுன்னு போர்டு இருக்கா?" என்று கேட்டார் அவர்.

"இல்ல சார்."

"அப்ப கொட்டலாம்."

இதில் அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கோமளா பிரஸ்ஸிங்ஸில் போர்டுதான் தெய்வம். வாளிக்கு மேலே 'வாளி' என்று போர்டு. வேப்பமரத்தில் 'மரம் – எண்ணிக்கை 1' என்று போர்டு. நின்றுபோன கடிகாரத்துக்குக் கீழே 'பழுது' என்று போர்டு மாட்டி வருஷங்கள் ஆகின்றன. கடிகாரத்தைப் பழுது பார்த்தவர் கிடையாது. போர்டுக்கு மட்டும் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை புது பெயின்ட் அடிப்பார்கள். போர்டு எல்லாம் மஞ்சள் நிறம், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒன்றை நடவோ பிடுங்கவோ ஆறு இலாகாக்களின் கையெழுத்து வேண்டும். நட்டபின், அதில் எழுதியிருக்கிறபடிதான் அந்த இடம் இருந்தாக வேண்டும். ஒருமுறை 'காலி இடம்' என்ற போர்டுக்கு அருகே மாரி டிராக்டரை நிறுத்திவிட்டான். அவன் நிறுத்தியதால் அது காலி இடமாக இல்லாமல் போய்விட்டது என்று மெமோ கொடுத்து, அரை நாள் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டார்கள்.

பலராமனும் ஒரு தகரத்தில் 'தயவுசெய்து குப்பை கொட்டாதீர்கள்' என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிக் கொல்லைப்புறத்தில் நட்டுப் பார்த்தான். மஞ்சள் இல்லை, எண் இல்லை, கையெழுத்து இல்லை. எனவே அது போர்டு இல்லை, வெறும் தகரம். வெறும் தகரம் என்றால் குப்பை. மாரி மிகவும் வருத்தத்தோடு அதைப் பிடுங்கி அடுத்த லோடுக்கு மேலே போட்டுவிட்டுப் போனான்.

அப்போதுதான் சாம்சன் அவனைத் தர வட்டத்துக்குக் கூப்பிட்டார். சாம்சன் நாசரேத்துக்காரர், டூல் ரூமில் சீனியர்.

"கம்ப்ளெயின்ட் எழுதினா எவன்வே படிப்பான்? வட்டத்துல சேரும். நம்ம பிரச்சினைய நாமளே பேசி நாமளே தீத்துக்கிடுததுதான் தர வட்டம். ஜப்பான்ல எல்லாம் இப்படித்தான் பண்ணுதாவளாம்."

பலராமனுக்குச் சொர்க்கவாசல் திறந்த மாதிரி இருந்தது. சனிக்கிழமை ஷிப்டு முடிந்ததும் பயிற்சி அறைக்குப் போனான். 'வைகறை தர வட்டம்' என்று எழுதிய பேட்ஜைச் சட்டையில் குத்தினார்கள். எல்லோரும் எழுந்து நின்று வட்டத்தின் பாட்டைப் பாடினார்கள். பிறகு உறுதிமொழி எடுத்தார்கள். பிறகு டீயும் மசால் வடையும் வந்தன. பிரச்சினை மட்டும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதைப் பர்சனல் மேனேஜர் கோதண்டராமனே விளக்கினார். மெட்ராஸிலிருந்து தினமும் காரில் வருகிறவர், நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசமாட்டார். அவருக்கு ஒரே ஆசைதான். மண்டல அளவிலான தர வட்டப் போட்டியில் கோமளாவுக்கு முதல் பரிசு வாங்கிவிட வேண்டும்.

"நீங்க முதல்ல பிரஸ் ஷாப்ல ஃபேன் ஓடலைன்னு எடுத்தீங்க. மெயின்டனன்ஸ் மேனேஜர் மூணு நாள் எங்கிட்ட பேசலை. அடுத்து பாத்ரூம்ல தண்ணி வரலைன்னு எடுத்தீங்க. சிவில்ல ஒருத்தர் அழுதே விட்டார். தர வட்டத்தோட தத்துவம் என்ன? பிரச்சினை நம்மளோடதா இருக்கணும், ஆனா தீர்வு யார் மனசையும் புண்படுத்தக் கூடாது. எந்த மேனேஜரோட டிபார்ட்மென்ட்லயும் வராத பிரச்சினையா ஒண்ணு எடுங்க. நான் முழு சுதந்திரம் தரேன்."

பலராமன் எழுந்து, கேன்டீன் இலை என்று ஆரம்பித்தான்.

"அது அட்மின். அட்மின் என்னோடது," என்றார் கோதண்டராமன் கனிவாக. "என் மனசு புண்படுறதைப் பத்திக்கூட எனக்குக் கவலையில்லை. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு இல்லையா?"

பலராமன் உட்கார்ந்தான். ஆனால் 'குப்பை' என்ற சொல் கோதண்டராமனுக்குப் பிடித்துப்போயிற்று. கரும்பலகையில் அவரே எழுதினார்: 'பல்வேறு நகரங்களில் வீட்டுக் குப்பையை அப்புறப்படுத்தும் முறைகள் – ஓர் ஒப்பீடு'. அந்த நகரங்களை நிர்வகிக்கிறவர்கள் யாரும் கோமளாவில் வேலை பார்க்கவில்லை, எனவே ஒருவர் மனமும் புண்படாது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பலராமனும் தட்டினான். குப்பை என்று பேச்சு தொடங்கியிருக்கிறது, சுற்றிச் சுற்றி ஒருநாள் நம் கொல்லைக்கு வராமலா போகும் என்று நினைத்தான். பாவம், அவன் நினைத்தது சரியாகவே போயிற்று. வந்த விதம்தான் வேறு.

புள்ளிவிவரம் சேகரிக்க வேண்டும். வட்டத்தில் ஒருவரும் தாம்பரம் தாண்டி அதிகம் போனதில்லை. சாம்சனின் பெரியப்பா மகன் பம்பாயில் நாலாவது மாடியில் இருந்தான். குப்பையை என்ன செய்கிறாய் என்று கடிதம் போட்டதற்கு, "மூன்றாம் மாடிக்காரனைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று பதில் எழுதியிருந்தான். கேன்டீன் சமையல்காரர் ஒரு காலத்தில் கல்கத்தாவில் ஹோட்டலில் இருந்தவர். அங்கே குப்பை எப்படி என்றதற்கு, மீன் மலிவு என்றார். ஒருவரின் மைத்துனர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தார். துப்பினால் அபராதம் என்று பயந்து அங்கே போன நாள் முதல் வெற்றிலையே போடவில்லையாம். டோக்கியோவுக்கு உறவினர் கிடைக்கவில்லை. மிஷின் சப்ளை செய்த கம்பெனி அனுப்பிய ஜப்பான் காலண்டரைப் பன்னிரண்டு தாளும் புரட்டிப் பார்த்து, எதிலும் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடக்கவில்லை என்பதால் 'சுத்தம்: 12/12' என்று பதிந்தார்கள்.

"அண்ணே, நம்ம எறையாந்தாங்கலையும் ஒரு ஓரமா சேத்துக்கலாமா?" என்று பலராமன் கேட்டான்.

"நகரம்னு தலைப்பு போட்டாச்சேவே. உம்ம ஊரு நகரமா?"

"இல்லண்ணே. ஆனா குப்பை கீதே."

"குப்பை இருந்தா மட்டும் நகரமாயிருமா?" என்றார் சாம்சன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆயிரும்னுதான் தோணுது. ஆனா இப்பம் டயம் இல்ல," என்றார்.

மீன் முள் படம் வரைந்தார்கள். தலையில் பிரச்சினை, முள்ளில் காரணங்கள். பட்டைப் படம் வரைந்தார்கள். எல்லாவற்றையும் கண்ணாடித் தாளில் எழுதி ஓவர்ஹெட் புரொஜெக்டரில் போட்டார்கள். அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. விதிப் புத்தகத்தில் 'முந்தைய நிலை, பிந்தைய நிலை – புகைப்படம் கட்டாயம்' என்று இருந்தது. கல்கத்தாவுக்குப் போய்ப் படம் எடுக்கக் கம்பெனி காசு தராது. சிங்கப்பூரைப் பற்றிப் பேச்சே இல்லை.

"நம்மகிட்ட ஒரு குப்பைமேடு இருக்கே," என்றார் கோதண்டராமன். "முறைப்படி அது நம்ம தலைப்பு இல்லை. போட்டோவுக்கு என்ன முறை?"

ஆக, ஆறு கையெழுத்தோடு இரண்டு மஞ்சள் போர்டுகள் தயாராயின. பலராமன் வீட்டுக் கொல்லையில், எச்சில் இலை மேட்டின் உச்சியில், 'முந்தைய நிலை' என்ற போர்டை நட்டு ஸ்ரீபெரும்புதூர் ஸ்டூடியோக்காரர் படம் எடுத்தார். படத்தின் கீழே 'கல்கத்தா' என்று எழுதினார்கள். பிறகு மாரியும் நாலு ஆட்களும் வந்து மேட்டை வழித்துத் துடைத்து எங்கோ செங்கல் சூளைப் பள்ளத்தில் தள்ளினார்கள். மண்ணைக் கொத்திச் சமன் செய்து, சுண்ணாம்பில் கோடு போட்டு, பர்சனல் ஆபீஸ் வாசலிலிருந்த குரோட்டன்ஸ் தொட்டிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்து, 'பிந்தைய நிலை' போர்டை நட்டு இன்னொரு படம் எடுத்தார்கள். அது சிங்கப்பூர்.

படம் முடிந்ததும் தொட்டிகள் திரும்பிப் போயின. மேட்டை வழித்தபோது தானாகவே சாய்ந்துவிட்டதால், யாரும் பிடுங்காமலே 'முந்தைய நிலை' போர்டும் தொட்டிகளோடு போயிற்று. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முறை இல்லை என்று ஸ்டோர்ஸில் மறுத்துவிட்டதால், தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே, கோதண்டராமனின் ஜன்னலுக்குக் கீழே மண்ணில் குத்திவைத்தார்கள். 'பிந்தைய நிலை' போர்டைப் பிடுங்குவதற்கு ஆறு கையெழுத்து வேண்டும் என்பதால் ஒருவரும் அந்த வேலைக்குப் போகவில்லை. போட்டி முடிகிறவரை லோடைக் கொட்ட வேண்டாம், டிரெய்லரிலேயே வைத்துக்கொள் என்று மாரிக்கு உத்தரவு.

பலராமன் அன்று மாலையே வாலாஜாபாத் பஸ் ஏறினான்.

செந்தாமரை நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, வீட்டுக்குள்கூட நுழையாமல் நேரே கொல்லைக்குப் போனாள். மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தாள். சுண்ணாம்புக் கோட்டைக் காலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது இன்னாங்க போர்டு, பிந்தைய நிலை?"

"சிங்கப்பூராம்."

"சிங்கப்பூர்ல பக்கத்து வூட்டுக் கோழி மேயுது பாருங்க," என்று சிரித்தாள். அவள் சிரித்து அவன் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கே தூளி கட்டினான். பழைய வேட்டியைக் கிழித்துத் தூளிக்கு முடிச்சுப் போட்டு, இழுத்தும் பார்த்தான். தர வட்டத்தின் பாட்டு அவனுக்கே தெரியாமல் வாயில் வந்தது.

கம்பெனி அளவில் வைகறைக்கே முதல் பரிசு. அடுத்தது மண்டலம். அங்கேதான் சனி பிடித்தது. புகைப்படத்தை மட்டும் நம்புவதில்லை என்றும், நடுவர் நேரில் வந்து இரண்டு நிலைகளையும் பார்வையிடுவார் என்றும் கடிதம் வந்தது. கோதண்டராமன் பலராமனைக் கூப்பிட்டனுப்பினார்.

"ரெண்டே நாள்தான், பலராமன். பழையபடி லோடை அங்க கொட்டிடுவோம். நடுவர் முந்தைய நிலையைப் பார்க்கட்டும், மறுநாள் வழிச்சுத் துடைச்சு பிந்தைய நிலையையும் காட்டிடலாம்."

"சார், பொஞ்சாதி வந்துட்டா சார். கைக்கொழந்தை கீது."

"எனக்குத் தெரியாதா? நானும் பிள்ளைகுட்டிக்காரன்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க. பிரச்சினை கண்ணுக்குத் தெரிஞ்சாத்தானே தீர்வோட அருமை தெரியும்? பிரச்சினையை அடியோட தீர்த்துட்டா, அப்புறம் தீர்வுக்கு என்ன மரியாதை? இதை இந்தக் கம்பெனியில பல வருஷமா கடைப்பிடிச்சுட்டு வரோம்."

பலராமன் வீட்டுக்கு வந்து சொன்னான். செந்தாமரை சண்டை போடவில்லை. தூளியை அவிழ்த்து மடித்துப் பைக்குள் வைத்தாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் சங்கு ஊதி, கோதண்டராமனின் காரும் மெட்ராஸ் பக்கம் திரும்பிய பிறகு, மாரியின் டிராக்டர் வண்டிப்பாதையில் வந்து நின்றது. இரண்டு வார இலை டிரெய்லருக்குள் புழுங்கிக் கிடந்தது. நாற்றம் முன்னால் வந்தது, டிராக்டர் பின்னால் வந்தது. செந்தாமரை குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, பையோடு கொல்லை வாசலில் நின்றாள்.

மாரி இறங்கி வந்தான். மஞ்சள் போர்டைப் பார்த்தான். எழுத்துக் கூட்டிப் படித்தான். தலையைச் சொறிந்தான்.

"அண்ணாத்தே, இதுல பிந்தைய நிலைன்னு போட்டுக்கீதே."

"ஆமா."

"பிந்தைய நிலைன்னா சுத்தமா இருக்கணும். நான் கொட்டிட்டா அது பிந்தைய நிலையா இருக்காது. காலி எடத்துல வண்டிய வுட்டதுக்கே அரை நாள் சம்பளத்த புட்ச்சிக்கினாங்க. இதுக்கு இன்னா புடிப்பாங்களோ."

"மேனேஜர் சொன்னாருன்னு சொல்லேன்."

"வாயால சொன்னாரு. போர்டு எழுத்துல கீது. நாளைக்கு வாய் மாறும், எழுத்து மாறுமா? முந்தைய நிலை போர்டு இருந்தா அங்க தாராளமா கொட்டலாம். அந்த போர்டு எங்க கீது, உனக்குத் தெரியுமா?"

பலராமனுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லலாம். அவன் வேலை நிரந்தரம் என்று கன்ஃபர்மேஷன் வாங்கவே நாலு வருஷம் நாயாய் அலைந்தவன், மேனேஜரைப் பகைத்துக்கொண்டு பிழைக்க முடியாது. திரும்பிப் பார்த்தான். செந்தாமரையும் மாரி மாதிரியே அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானைக்குள் குழந்தை தும்மியது.

"பர்சனல் ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழ, குரோட்டன்ஸ் தொட்டி பக்கத்துல குத்திக்கீறாங்க," என்றான்.

"அப்படி சொல்லு," என்று மாரி நிம்மதியாக டிராக்டரைத் திருப்பினான். கேட்டில் வாட்ச்மேன் மறித்தார். மேட்டை வழித்த அன்று பார்த்துவைத்த 'முந்தைய நிலை' போர்டின் எண்ணை மாரி சொன்னான். எண் சரியாக இருந்ததால் அவர் கேட்டைத் திறந்து, சல்யூட்டும் வைத்தார்.

மறுநாள் காலை கோதண்டராமன் நடுவரைத் தம் காரிலேயே அழைத்து வந்தார். நடுவர் பெயர் திருமதி அம்சவல்லி. வாழ்நாளெல்லாம் தர வட்டங்களைப் பார்த்துப் பார்த்து எதற்கும் வியக்காத முகம் அவருக்கு. காரைவிட்டு இறங்கியதும் மூக்கில் கைக்குட்டையை வைத்தார். ஜன்னல் விளிம்பு வரை இலை. உச்சியில், கழுத்தளவு புதைந்து, 'முந்தைய நிலை'. ஒரு காக்கை ஜன்னல் வழியாக உள்ளே போய் ஃபைல் மேல் உட்கார்ந்து முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டிருந்தது.

கோதண்டராமன் ஜன்னலைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். ஆனால் முப்பது வருஷ அனுபவம் வீண்போகுமா?

"மேடம், பிரச்சினையைத் தொழிலாளி வீட்டுல விட்டுட்டு அதிகாரி மட்டும் காத்தோட்டமா உட்காரலாமா? அதனால நிர்வாகமே முன்வந்து, பிரச்சினையைத் தன் ஜன்னலுக்குக் கீழ ஏத்துக்கிட்டது. இது முழுக்க என்னோட யோசனை."

"தலைப்பு வீட்டுக் குப்பை. இது கேன்டீன் குப்பை போல இருக்கே?"

"கோமளா ஒரு குடும்பம் மேடம். குடும்பத்துக் குப்பை வீட்டுக் குப்பைதானே?"

அம்சவல்லி குறிப்பெடுத்துக்கொண்டார். பிறகு எறையாந்தாங்கல் போனார்கள். கொல்லைப்புறம் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. 'பிந்தைய நிலை' போர்டிலிருந்து கொல்லையில் நின்ற வேப்பமரத்துக்குக் கொடி கட்டிச் செந்தாமரை குழந்தைத் துணி உலர்த்தியிருந்தாள்.

"நல்லா இருக்காம்மா?" என்று கேட்டார் நடுவர்.

"இப்ப நல்லா கீதும்மா. இப்படியே இருக்கணும்," என்றாள் செந்தாமரை.

அம்சவல்லி அதையும் எழுதிக்கொண்டார். மண்டலத்தில் முதல் பரிசு கிடைத்தது. கூடவே, இரண்டு நிலைகளும் பிற தொழிற்சாலைகள் வந்து கற்றுக்கொள்ளும்படி அந்தந்த இடத்திலேயே மாறாமல் பராமரிக்கப்பட வேண்டும் என்று ஒரு பரிந்துரையும் வந்தது. கோமளாவின் சேர்மன் மகிழ்ந்துபோய் அதில் கையெழுத்துப் போட்டார். வெற்றியைக் கொண்டாட எல்லோருக்கும் வடை பாயசத்தோடு விருந்து நடந்தது. விருந்து முடிந்ததும் மாரி அறுநூறு இலையையும் ஏற்றிக்கொண்டு, யாரையும் ஒன்றும் கேட்காமல் பர்சனல் ஆபீஸுக்கு ஓட்டிப்போனான். வீட்டில் தூளி மறுபடி ஆடியது.

அடுத்த சனிக்கிழமை வைகறை வட்டம் கூடியபோது புதிய உறுப்பினர் ஒருவர் வந்திருந்தார். பாட்டை எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினார். உறுதிமொழி எடுத்தார். வடையைத் தொடவில்லை. அவர் சட்டையிலிருந்து லேசாகப் பழைய சாம்பார் வாசனை வந்தது.

"எனக்கு ஒரு பிரச்சினை," என்றார் கோதண்டராமன். "என் ஜன்னல்."

பலராமன் தன் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது அவனுக்கு. சாம்சன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பிரச்சினை ஒங்களோடதுதான் சார், மறுக்கல. ஆனா பாத்துக்கிடுங்க, அது அட்மின்ல வருதுல்லா. அந்த மேனேஜர் மனசு புண்படுமே."

கோதண்டராமன் எழுந்தார். சொன்னது முறையாகத்தான் இருந்தது. தலையை ஆட்டிவிட்டுக் கரும்பலகைக்குப் போய், 'பல்வேறு நாடுகளில் ஜன்னல்கள் – ஓர் ஒப்பீடு' என்று எழுதினார்.